கட்டைவிரல் அகலத் தகரம்

காரைத் தாழ்த்தி அகலச் சக்கரம் மாட்ட நினைப்பவர்களின் வழியில் நிற்பது மட்கார்டின் உள்மடிப்பு. அதை உருட்டி மடிப்பது சில மணி நேர வேலை. மறுபடி பழையபடி நிமிர்த்துவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

சத்தம்தான் முதலில் வருகிறது. பக்கத்து இருக்கையில் ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகு வரும் முதல் மேட்டில், பின்பக்கத்திலிருந்து 'ஸ்ர்ர்' என்று ஒரு சின்ன உரசல். ஓட்டுபவர் பாட்டைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அடுத்த வளைவில் மறுபடியும். வீட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தால், வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத டயரின் தோளில் பிளேடால் சீவியது போல ஒரு வளையம். சீவியது யார் என்பதிலும் சந்தேகமில்லை. மட்கார்டின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து நிற்கும் இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கிறது.

உலகம் முழுவதும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். காரைச் சில சென்டிமீட்டர் தாழ்த்தியாகிவிட்டது. அகலமான ரிம்மும் டயரும் மாட்டியாகிவிட்டது. நின்றிருக்கும்போது படம் எடுத்தால் கார் அழகாகத்தான் இருக்கிறது. ஓடும்போதுதான் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு தகர மடிப்பு எல்லாவற்றையும் கெடுக்கிறது. இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் மட்கார்டை 'ரோல்' செய்வது. அதாவது, கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மடிப்பை ஓர் உருளையால் அழுத்தி மேல்நோக்கி மடித்து, மட்கார்டின் உள்சுவரோடு ஒட்ட வைப்பது. கிடைக்கும் லாபம் சுமார் 10 மில்லிமீட்டர்.

பத்து மில்லிமீட்டருக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். இந்தப் பைத்தியத்துக்கு மிக அதிகமாக ஆளாகியிருக்கும் காரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும்.

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைக் காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். ஆயிரம் கிலோவை எட்டாத எடை, திறந்து மூடும் துணிக் கூரை, நாலு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். எஞ்சின் சுமாரான சக்தி உள்ளதுதான், ஆனால் வளைவுகளில் கார் ஓட்டுபவரின் மனதைப் படித்தது போலத் திரும்பும். 2000-ம் ஆண்டிலேயே உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. 2016-ல் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. விலை மலிவு, பாகங்கள் தாராளம், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டிவிடலாம் என்பதால் இதன் முதல் தலைமுறைக் கார்கள் (1997 வரை வந்தவை) கை வைக்கப்படாமல் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மாட்டியிருந்தது 14 அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல அகலமும் உள்ள ரிம். டயர் 185/60. இன்று ரேஸ் பாதையில் அதை விரட்ட விரும்புபவர்கள் தேடுவது 15 அங்குல விட்டம், 8 அங்குல அகல ரிம், டயர் 225/45. உயரத்தில் பெரிய மாற்றம் இல்லை. பழைய டயரின் மொத்த விட்டம் 578 மி.மீ., புதியதன் விட்டம் 584 மி.மீ. சிக்கல் முழுவதும் அகலத்தில்தான் இருக்கிறது.

இங்கேதான் ஆஃப்செட் என்ற சொல் நுழைகிறது. ரிம்மின் நட்டநடுக் கோட்டுக்கும், அது ஹப்பில் வந்து உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு வரும். மாஸ்டாவின் பழைய ரிம்முக்கு இது 45 மி.மீ. கடையில் கிடைக்கும் 8 அங்குல ரிம்முக்கு 25 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ரிம்மின் வெளி விளிம்பு முன்பைவிட 52 மி.மீ. வெளியே வருகிறது. உள்பக்கம் 12 மி.மீ. கூடுகிறது. பழைய குறுகலான ரிம்மில் டயர் பிதுங்கி நின்றதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், டயரின் சுவர் நாலு சென்டிமீட்டர் வெளியே வந்து மட்கார்டுக்கு நேர் கீழே நிற்கிறது. அதோடு கார் தாழ்ந்தும் இருக்கிறது. இந்த நிலையில் பத்து மில்லிமீட்டர் என்பது டயருக்கு உயிர்.

ஆனால் அனுபவப்பட்ட கைகள் உருளையை எடுப்பதற்கு முன் வேறு பல வேலைகளை முடிக்கின்றன. காரணம், உரசலுக்குப் பல சமயம் குற்றவாளி அந்த மடிப்பு அல்ல. மலிவான தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை வாங்கிப் போட்டு, ஷாக் அப்சார்பரைப் பழையதாகவே விட்டுவிடுபவர்கள் ஏராளம். எம்எக்ஸ்-5 சிறிய கார். சக்கரம் மேலும் கீழும் அசைய அதில் இயற்கையாகவே இடம் குறைவு. தாழ்த்தும்போது அந்த இடத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது. மிச்சம் உள்ள தூரத்தில் காரைத் தாங்க ஸ்பிரிங் முன்பைவிடக் கடினமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சஸ்பென்ஷன் கடைசியில் உள்ள ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும், டயரும் மட்கார்டைத் தேடிப் போகும். இந்த நோய்க்கு மட்கார்டை மடிப்பது, செருப்பு கடிக்கிறது என்று காலைச் செதுக்குவதற்குச் சமம்.

இன்னொரு வழி கேம்பர். சக்கரத்தின் மேல்முனையை உள்பக்கமாகச் சாய்த்து வைப்பது. எம்எக்ஸ்-5-ல் நாலு சக்கரங்களுக்கும் இதைத் திருத்தும் வசதி தொழிற்சாலையே கொடுத்திருக்கிறது. அலைன்மென்ட் கடையில் அரை மணி நேர வேலை. ஒரு டிகிரி சாய்த்தால் டயரின் உச்சி 5 மி.மீ. உள்ளே போகும். இரண்டு டிகிரி சாய்த்தால் 10 மி.மீ. உருளையை வைத்து மல்லுக்கட்டி வாங்கும் அதே பத்து மில்லிமீட்டர், தகரத்தைத் தொடாமலே கைக்கு வருகிறது. போதாக்குறைக்கு, இரட்டை விஷ்போன் அமைப்பில் சக்கரம் மேலே ஏறும்போது தானாகவே இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்ந்துகொள்ளும். நிற்கும் காரைப் பார்த்து 'இடிக்கும்' என்று முடிவு கட்டப்பட்ட டயர், ஓடும்போது இடிக்காமல் தப்புவது இதனால்தான். இதற்குக் கொடுக்கும் விலை, டயரின் உள்பக்கம் சீக்கிரம் தேய்வது. ரேஸ் பாதைக்கு அது நல்லதே. தினமும் நெடுஞ்சாலையில் நேராக ஓடும் காருக்குச் செலவு.

ஆக, அளப்பதுதான் முதல் வேலை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, புதிய சக்கரத்தை மாட்டி, ஜாக்கியால் அதை ரப்பர் தடுப்பு அமுங்கும் வரை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். முன்சக்கரமாக இருந்தால் அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்ப வேண்டும். எங்கே இடிக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்பது அப்போதுதான் தெரியும். நாலு மட்கார்டையும் மடிக்க வேண்டும் என்று நினைத்து வந்தவர், பின்னால் இரண்டு போதும் என்று தெரிந்துகொண்டு திரும்புவதும் உண்டு. மூன்று மி.மீ.தான் குறைகிறது என்றால், ஆஃப்செட் சற்றுக் கூடிய ரிம்மாக மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். ரிம்மைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார்.

மட்கார்டை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?

அந்த மடிப்பு அலங்காரத்துக்காக அங்கே இல்லை. எவர்சில்வர் தட்டின் விளிம்பையும், தகர டப்பாவின் வாயையும் சுருட்டி விட்டிருப்பது ஏனோ, அதே காரணம்தான். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தகடு, விளிம்பில் மடிப்பு இருந்தால்தான் விறைப்பாக நிற்கும். முன் மட்கார்டில் மடிப்பின் வேலை ஏறக்குறைய அவ்வளவுதான். அது போல்ட் போட்டு மாட்டியிருக்கும் தனித் தகடு. வேலை கெட்டுப்போனால் வேறு மட்கார்டு வாங்கி மாட்டி பெயின்ட் அடித்துவிடலாம். பின்பக்கம் அப்படி அல்ல. அங்கே மட்கார்டு என்று தனியாக ஒன்று கிடையாது. கதவுக்குப் பின்னால் தொடங்கி விளக்கு வரை நீளும் உடலின் ஒரு பகுதி அது. வெளித்தகடும், சக்கரக் குழியின் உள்தகடும் இந்த மடிப்பில்தான் சந்திக்கின்றன. இரண்டையும் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து, தண்ணீர் புகாமல் இடையில் சீலன்ட் பூசியிருப்பார்கள். அதை மடிக்கும்போது இரட்டைத் தகடு வளைகிறது, முப்பது வருடம் பழகிய சீலன்ட் வெடிக்கிறது. கெட்டுப்போனால் வெட்டி எடுத்து வேறு தகடு வெல்டிங் வைப்பது ஒன்றே வழி. துரதிருஷ்டவசமாக, உரசல் அதிகம் வருவதும் பின்னால்தான்.

வேலைக்கென்றே ஒரு கருவி விற்கிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹப்பின் மீது அதே நட்டுகளால் இதைப் பூட்டுகிறார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு கை, அதன் நுனியில் கடினமான பிளாஸ்டிக் உருளை. கையைப் பிடித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டினால், உருளை மட்கார்டின் வளைவை ஒட்டியே ஓடும். ஒவ்வொரு முறையும் கையின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, உருளையின் சாய்வைக் கொஞ்சம் மாற்றி, மடிப்பை முதலில் 45 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு முழுதாக. கடிகார முள்ளில் சொல்வதானால் 10 மணியிலிருந்து 2 மணி வரை உள்ள பகுதிதான் முக்கியம். டயர் தொடும் இடம் அது.

கேட்க எளிதாக இருக்கிறது. தகரம் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். மட்கார்டின் வாய் ஒரு வட்டத்தின் பகுதி. மடிப்பு கிடையாக இருக்கும்போது அதன் நுனி, வாயின் அதே ஆரத்தில் இருக்கிறது. மேலே மடித்ததும் நுனி 10 மி.மீ. பெரிய ஆரமுள்ள வட்டத்துக்குப் போக வேண்டும். பெரிய வட்டத்துக்குச் சுற்றளவு அதிகம். 10 மணியிலிருந்து 2 மணி வரை மட்டும் கணக்கிட்டாலே, நுனி 21 மி.மீ. நீள வேண்டியிருக்கிறது. இரும்பு நீளும், அவசரப்படுத்தாமல் கேட்டால். ஒரே அழுத்தில் மடிக்கப் பார்த்தால், நீளாத நுனி வெளித்தகட்டைப் பிடித்து இழுக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மட்கார்டில் அலை அலையாக நெளிவு தெரியும். மாலை வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும். சிலர் வேலை சுலபமாகட்டும் என்று கிரைண்டரால் மடிப்பை அங்கங்கே கீறிவிடுகிறார்கள். வேலை சுலபமாவது உண்மைதான். கீறிய ஒவ்வொரு இடமும் பிறகு விரிசலுக்கும் துருவுக்கும் வாசல் ஆகிறது.

இரும்பு நீளும், பெயின்ட் நீளாது. அதனால்தான் ஒரு கையில் உருளை என்றால் மறுகையில் சூடான காற்று ஊதும் ஹீட் கன். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மாறி மாறிக் காட்டி, தகட்டின் மீது கை வைத்தால் வைத்திருக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் போனால் பெயின்ட் கொப்பளிக்கும். குறைந்தால் முட்டை ஓடு போல வெடிக்கும். ஒரு முறை உருட்டு, சூடு காட்டு, மறுபடி உருட்டு. ஒரு மட்கார்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம். குளிர்காலக் காலையில், கதவு திறந்த கொட்டகையில், இருபது நிமிடத்தில் முடித்துவிட்டதாகப் பெருமை பேசுபவரின் காரைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது.

இதில் மறைந்திருக்கும் கண்ணி, கார் முன்பே அடிபட்டதா என்பது. டிங்கரிங் செய்து பட்டி பூசிப் பெயின்ட் அடித்த மட்கார்டு வெளியே பார்க்கப் புதிதுபோல இருக்கும். உருளை பட்டதும் பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி மட்கார்டின் விளிம்பில் ஓட்டிப் பார்ப்பது பழைய கார் வாங்குபவர்களின் பழைய தந்திரம். அது இங்கேயும் உதவும். ஒட்டாத இடத்தில் இரும்புக்கு மேல் வேறு எதுவோ கனமாக இருக்கிறது.

கருவி வருவதற்கு முன் இந்த வேலை நடக்காமல் இல்லை. அமெரிக்கர்கள் பேஸ்பால் மட்டையைப் பயன்படுத்தினார்கள், இன்றும் பயன்படுத்துகிறார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே மட்டையைச் செருகிக்கொண்டு, நண்பர்கள் இரண்டு பேர் காரை மெல்ல முன்னும் பின்னும் தள்ள, மட்டை உருண்டபடியே மடிப்பை நசுக்கிக்கொண்டு போகும். செலவு கிடையாது. மட்டை ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருப்பதால், அழுத்தம் எங்கே எவ்வளவு என்பது தள்ளும் நண்பர்களின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ரேஸுக்கென்றே வைத்திருக்கும், ஏற்கெனவே நசுங்கிய காருக்கு இது போதும். ஆசையாக வளர்க்கும் காருக்குப் போதாது.

தொழிற்சாலைகளே இந்த இடத்தில் கத்தி வைத்த வரலாறும் உண்டு. நிஸான் ஸ்கைலைன் காரின் பின்பக்கவாட்டில், சக்கரத்தின் தலையைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஓர் அழகான கோடு இருந்தது. 1969-ல் அதன் ரேஸ் வடிவமான ஜிடி-ஆர் வந்தபோது, அகல டயருக்கு இடம் வேண்டும் என்று அந்தக் கோட்டை வெட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டு கதவு மாடலில் வெட்டிய இடத்தின் மேல் கறுப்பு நிறத்தில் தனி மட்கார்டு வைத்துத் திருகினார்கள். கறுப்பு ஒட்டும் திருகுகளும் இன்று சேகரிப்பாளர்கள் கை கூப்பும் அடையாளங்கள். ஆனால் அது நிறுவனமே கணக்குப் போட்டு, வெட்டிய விளிம்பைப் பாதுகாத்துச் செய்த வேலை.

பாதுகாப்பதுதான் பலர் விட்டுவிடும் பாதி வேலை. மடிப்பு முடிந்ததும், அழகாக இருக்கிறது என்று சக்கரத்தைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே சீலன்ட் வெடித்த கோட்டில் தண்ணீர் புகுகிறது. பிரிட்டனிலும், வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும், ஜப்பானின் பனிப் பிரதேசங்களிலும் குளிர்காலத்தில் சாலைகளில் பனி உருக உப்புப் போடுகிறார்கள். உப்புச் சேறு அந்தக் கோட்டில் தங்கிவிட்டால் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் வெளியே பெயின்ட் குமிழ் விடும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்குப் பின்சக்கரத்தை ஒட்டிய பகுதி ஏற்கெனவே பலவீனமானது. கூரையிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் இலை தழை அடைத்துக்கொண்டால், கதவின் கீழே உள்ள பெட்டிப் பகுதியின் பின்முனை உள்ளிருந்தே அரித்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசலைத் திறந்து வைப்பது சரியல்ல. மடித்த உடனே சேற்றையும் எண்ணெயையும் துடைத்தெடுத்து, இரும்பு தெரியும் இடத்தில் பிரைமர் பூசி, மூட்டு முழுவதும் புது சீலன்ட் தடவி, மேலே பெயின்ட்டும் மெழுகும் அடித்தால்தான் வேலை முடிந்தது. இதற்கு ஆகும் நேரம், மடிக்க ஆகும் நேரத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. கூலி பேசும்போது இந்தப் பாதியைச் சேர்த்துப் பேசாவிட்டால் அது நடக்காது.

சின்ன விஷயங்களும் பெரிய டயரைக் கிழிக்கும். முன் குழியில் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு, மடிப்பில்தான் திருகப்பட்டிருக்கும். மடிப்பு போனால் அதற்குப் பிடிப்பு போகும், பின்பு தொங்கிக்கொண்டு டயரில் உரசும். பின்னால் பம்பர் வந்து சேரும் மூலையில் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் திருகு இன்னும் மோசம். மட்கார்டைக் கச்சிதமாக மடித்துவிட்டு, அந்தத் திருகை மறந்து, முதல் நாளே டயரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் ரிம் விற்கும் நிறுவனமே, எந்தக் காருக்கு எந்த அளவு பொருந்தும், மட்கார்டின் விளிம்பை மடிக்க வேண்டுமா என்பதைச் சான்றிதழில் எழுதிக் கொடுக்கிறது. அதன்படி செய்து, பரிசோதகரிடம் காட்டி, காரின் ஆவணத்தில் பதிய வேண்டும். மடிப்பது அங்கே கள்ளத்தனம் அல்ல, சில சமயம் நிபந்தனை. ஜப்பானில் ஆய்வாளர் பார்ப்பது, அச்சின் மையத்திலிருந்து முன்னால் 30 டிகிரி, பின்னால் 50 டிகிரிக்குள் சக்கரம் உடலுக்கு வெளியே நீட்டுகிறதா என்பதை. 2017 முதல் டயரின் ரப்பர் மட்டும் 10 மி.மீ.க்குக் குறைவாக நீட்டினால் விட்டுவிடுகிறார்கள். ரிம்மின் விளிம்பு நீட்டினால் விடுவதில்லை.

எம்எக்ஸ்-5 இந்தியச் சந்தைக்கு வரவே இல்லை. ஆனால் காரைத் தாழ்த்தி அகலச் சக்கரம் மாட்டும் ஆசை வந்துவிட்டது. மும்பையிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் மூன்று பெட்டிக் கார்களும் சின்ன ஹேட்ச்பேக்குகளும் அந்தக் கோலத்தில் ஓடுகின்றன. இங்கே இரண்டு தடைகள். முதலாவது, எந்த விதிக்கும் கட்டுப்படாத உயரத்தில் எழும்பி நிற்கும் வேகத்தடை. ஒவ்வொரு வேகத்தடையிலும் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும் நாட்டில், மேலே சொன்ன அளவுக் கணக்கை இன்னும் கறாராகப் போட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. மட்கார்டின் உள்மடிப்பைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. குனிந்து பார்த்தாலொழிய யார் கண்ணிலும் அது படாது. ஆனால் எதற்காக அது மடிக்கப்பட்டதோ, அந்த அகலச் சக்கரம் நாலும் தெருவுக்கே தெரியும்படி நிற்கின்றன. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அவற்றைத்தான்.

இதற்கிடையில் இந்தக் கார்களின் மதிப்பு வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2017-ல் மாஸ்டா நிறுவனமே ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் பிரித்து, அவற்றின் சொந்தக்காரர்களுக்குப் புதிதாக்கித் தரும் திட்டத்தை அறிவித்தது. பத்தாண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்கள் மட்டையைச் செருகி நசுக்கிய அதே காரை, இன்று நடுவயதுக்காரர்கள் முழங்காலில் உட்கார்ந்து மட்கார்டுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்து விலை பேசுகிறார்கள். மடிப்பு முழுசாக இருந்தால் முகம் மலர்கிறது. மடிந்திருந்தால் அடுத்த கேள்வி, யார் செய்தது, சீலன்ட் பூசினார்களா என்பது.

அதற்காக ரோல் செய்ததெல்லாம் பாவம் என்று ஆகிவிடாது. ரேஸ் பாதைக்கென்று அளவெடுத்து, நிதானமாக மடித்து, மூட்டை அடைத்த ஒரு காரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எதுவுமே செய்தது போலத் தெரியாது. மட்கார்டின் கோடு நெளியாமல் ஓடும், பெயின்ட் மழுங்காமல் மின்னும். டயர் அதற்குக் கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளியில் நிற்கும். அப்படிப்பட்ட காரின் சொந்தக்காரர்கள்கூட முதல் மழை கழிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சோடு ஒருமுறை உள்ளே தலையை விடுகிறார்கள். சீலன்ட் ஓரத்தில் காவி நிறத்தில் ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க. கழற்றிய பழைய 14 அங்குலச் சக்கரங்கள் நாலும் கொட்டகையின் மூலையில் கோணிக்குள் பத்திரமாக இருக்கின்றன.